மெயின் சுவிச்சில் கட்டிய துணி

கந்தப்பளை
20.02.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கச்சி வேலாயி எழுதுறது. நான் இங்க இருக்கேன். சொகமான்னு கேட்டா சொல்லத் தெரியல. உன் முழங்கால் வலி எப்படி இருக்கு? நோட்டன்ல குளிர் கொறஞ்சிருச்சா?

பதினோரு தடவ போன் பண்ணிட்டேன், நீ எடுக்கல. சரி, எனக்கும் போன்ல அழுகதான் வருது, பேச்சு வரமாட்டேங்குது. கடுதாசின்னா அழுதுட்டு, கண்ணத் தொடச்சிட்டு, விட்ட எடத்துல இருந்து எழுதலாம். அஞ்சாம் வகுப்பு வரைக்கும் போனது இதுக்குத்தான் போல.

எம் புள்ள தர்ஷனுக்கு முப்பத்தொண்ணாம் நாள் காரியம் முடிஞ்சிருச்சு. நீ வரல. பொணம் எடுத்த அன்னைக்கும் நீ பந்தல்ல உக்காரல. வாசல்லயே நின்னுட்டு, எம் முகத்தப் பாக்காம பஸ்ஸுக்குப் போயிட்ட. நான் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனப்ப அவன ரெண்டு வருசம் இடுப்புல வச்சிருந்தவ நீ. உனக்கும் தெம்பில்லன்னு நெனச்சுக்கிட்டேன்.

அவன் பை வந்துச்சு. ஸ்குரூ டைவர் எல்லாம் இருக்கு, பிரஷ் இருக்கு, கரண்ட் பாக்குற மீட்டர் இருக்கு. சோத்துப் பெட்டியக் கழுவி அனுப்பியிருக்காங்க, யாரு கழுவுனாங்களோ. அவன் எப்பவும் கூடவே வச்சிருக்குற ஒரு சிவப்புத் துணி மட்டும் இல்ல.

உங்க ஆபீஸ்ல இருந்து சிங்களத்துல ஒரு காயிதம் வந்திருக்கு. படிக்கச் சொல்லிக் கேட்டேன். ரிப்பேர் பாக்க வந்தவன் மெயின் சுவிச்ச ஆப் பண்ணாம போட்டோ கொப்பி மெசினுக்குள்ள கைய விட்டான், அவன் கவனக் கொறவுதான்னு போட்டிருக்காம். எம் புள்ளயா அக்கா? அடுப்புல பால் பொங்குனாலே நாலு தடவ திரும்பிப் பாக்குறவன்.

நீ அதே ஆபீஸ்ல டீ ஊத்திக் கூட்டிப் பெருக்குறவ. அன்னைக்கு அங்க இருந்தவ. என்ன நடந்துச்சுன்னு எழுது. நான் அவன்கிட்ட குடுத்துவிட்ட கேரட்டு உன் கைக்கு வந்துச்சான்னும் எழுது.

உன் தங்கச்சி
வேலாயி


முருகன் துணை

நோட்டன் பிரிட்ஜ்
17.03.2024

தங்கச்சி வேலாயிக்கு,

அக்கா காளியாயி எழுதிக்கிறது. கடவுள் கிருபையில இருக்கேன். நீ நேரத்துக்குச் சாப்புடு. வெறும் வயித்தோட காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்கு ஓடாத.

பதில் லேட்டாயிருச்சு. முழங்கால் வீங்கிப் போயி தபால் கந்தோருக்கு நடக்க முடியல. இங்க மழையே இல்ல. டேம்ல தண்ணி எறங்கி அடியில இருக்குற பழைய கல்லெல்லாம் தெரியுது. அந்தப் பக்கம் போக ஒரு மாதிரியா இருக்கு.

கேட்டிருந்த. அன்னைக்கு நான் ஆபீஸுக்குப் பின்னால பூப் பறிக்கப் போயிருந்தேன். வெள்ளிக்கெழமல்ல. வந்து பாத்தா எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. வாச்சர் வீரய்யா ஓடியாந்து பாக்கயில சுவிச்சு மேல, ஆன்லதான் இருந்துச்சுன்னு அவரே சொன்னாரு. அவரு பொய் சொல்ற மனுசன் இல்ல.

போன உசுர நெனச்சு நெனச்சு ஒடம்பக் கெடுத்துக்காத. வீட்டுல சாமி லைட்ட மட்டும் அணைய விட்றாத. சாமி இருட்டுல இருக்கக் கூடாது.

உன் அக்கா
காளியாயி


கந்தப்பளை
26.03.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடுதாசி கெடச்சிச்சு. முழங்காலுக்கு வேப்பெண்ணெயச் சுட வச்சுத் தேய். எனக்கு ராத்திரிக்குத் தூக்கமில்ல, மத்தபடி நடமாடுறேன்.

சாமி லைட்டு கேட்ட. அவன் போன அன்னைக்கே அந்தச் சிவப்பு பல்பக் கழட்டிட்டேன். சாமியும் கொஞ்ச நாள் இருட்டுல இருக்கட்டும், எப்படியிருக்குன்னு பாக்கட்டும்.

அந்தச் சிவப்புத் துணி கதைய உனக்குச் சொன்னதில்லையே. ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு பள்ளிக்கூடத்துல அவன் மெசினத் தொறந்து வச்சிருக்கயில, யாரோ ஒரு டீச்சர் அவசரத்துக்கு பிளக்க மாட்டிட்டாங்க. தூக்கிச் செவத்துல அடிச்சிருச்சு. மூணு வாரம் எடது கை மரத்துப் போயி, சட்ட பொத்தான் நான்தான் போட்டுவிட்டேன். அதுக்கு முன்னாடி அந்தச் சூட்டு ரோலர் மணிக்கட்ட ரெண்டு தடவ சுட்டிருக்கு. தகடு கிழிச்சது கணக்கே இல்ல. தும்முனா மூக்குல கறுப்புப் பவுடரு வரும்.

நான் பயந்து போயி, தேருக்குக் கட்டுற சிவப்புச் சீலையில ஒரு மொழம் கிழிச்சேன். மூலையில மஞ்சத் துண்டு ஒண்ணு முடிஞ்சேன். "இத சுவிச்சுல கட்டிட்டுத்தான் நீ கைய வைக்கணும்"னேன். அவன் சிரிக்கிறான். "ஏம்மா, சாமிக்குக் கட்டுற துணியவா சுவிச்சுக்குக் கட்டுறது? கடையில எல்லாரும் என்னய பூசாரிம்பாங்க"ன்னான். "சொல்லிட்டுப் போறாங்க, பூசாரி உசுரோட இருப்பான்"னேன்.

அன்னையிலருந்து அதக் கட்டாம அவன் வேல செஞ்சதில்ல. அது எங்க போச்சு அக்கா? ஹட்டன் லேபர் ஆபீஸ்ல விசாரண வைக்கப் போறாங்களாம். அவன் ஆப் பண்ணித்தான் இருந்தான்னு சொல்ல ஒரு ஆளு வேணும். இல்லாட்டி எம் புள்ள பேரு அப்படியே காயிதத்துல நின்னுரும். அவன் மொதலாளி முனாப் ஐயாவுக்கும் எழுதிக் கேட்டிருக்கேன்.

கேரட்டு வந்துச்சான்னு நீ எழுதல.

வேலாயி


ஹட்டன்
05.04.2024

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

முனாப் எழுதிக்கொள்வது. உங்கள் உடம்புக்கும் மனசுக்கும் ஆண்டவன் பலம் தரட்டும். நோன்பின் கடைசிப் பத்து நாளில் இருக்கிறோம். தர்ஷனுக்காக நானும் கையேந்துகிறேன்.

நீங்கள் கேட்டதற்கு உண்மையைச் சொல்கிறேன். சுவிட்சை ஆப் செய்யாமல் தர்ஷன் ஒரு மூடியைக் கூடக் கழற்றமாட்டான். நோட்டனில் அந்த மெசினுக்கு பிளக் கிடையாது. பழைய பிளக் எரிந்துபோக, யாரோ வயரை நேராகச் சுவரில் இணைத்துவிட்டார்கள். மெயினை ஆப் பண்ணுவதைத் தவிர அங்கே வேறு வழியில்லை. அதையே நான் விசாரணையில் சொல்வேன். ஆனால் அன்று நான் அங்கே இல்லை, பார்த்தவர் சொல்வது போலாகாது.

எங்களைப் பார்ப்பவர்கள் சட்டை மடிப்புக் கலையாத வேலை என்பார்கள். என் வலது நடுவிரலில் நுனி இல்லை, காகிதம் துண்டாக்கும் மெசின் எடுத்தது. என் தம்பி மகன் ஃபாஸில் மூன்றாம் மாடிக்கு மெசினைத் தூக்கி ஏறி முதுகு போய், ஒரு வருடம் படுத்துக் கிடந்தான். நாங்கள் தொடும் பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஆபீஸ்காரர்களுக்குத் தெரியாது. அவசரம் மட்டும் தெரியும்.

தர்ஷனின் மேசையில் இன்னும் யாரையும் உட்கார வைக்கவில்லை.

இப்படிக்கு
முனாப்


கந்தப்பளை
18.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லாயிருக்கியா? வருசப் பொறப்புக்கு நான் அடுப்பு மூட்டல. பக்கத்து லயத்து வீட்டுல இருந்து பாச்சோறு குடுத்தாங்க, வாங்கி வச்சிட்டேன்.

முனாப் ஐயா எழுதிட்டாரு. தர்ஷன் ஆப் பண்ணித்தான் இருப்பான்னு அடிச்சுச் சொல்றாரு. அப்ப யாரோ ஒருத்தர் துணிய அவுத்துட்டுச் சுவிச்சப் போட்டிருக்காங்க. யாருன்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். உங்க ஆபீஸ்ல கொம்பியூட்டர்ல வேல செய்ற பிரேமினி மேசைக்கு நேராத்தானே அந்த மெயின் சுவிச்சு இருக்கு? நீதான் ஒருக்கா சொன்ன, அந்தப் புள்ளைக்குக் கரண்டு ஒரு நிமிசம் இல்லாட்டி கையும் ஓடாது காலும் ஓடாதுன்னு. அவதான். போட்டுட்டுத் துணிய ஒளிச்சிட்டா.

நான் முடிவு பண்ணிட்டேன். தேங்காய் வாங்கி வச்சிருக்கேன். அம்மன் கோயில் கல்லுல அவ பேரச் சொல்லி ஒடைக்கப் போறேன். சுவிச்சப் போட்ட கை வெளங்காமப் போகணும், அவ வயித்துல என்ன இருக்கோ அதுவும் எம் புள்ள மாதிரி...

எழுத வரல. நிப்பாட்டிக்கிறேன்.

வேலாயி


முருகன் துணை

நோட்டன் பிரிட்ஜ்
06.05.2024

என் தங்கச்சி வேலாயிக்கு,

ஒடைக்காத. கால்ல விழுந்து கேக்குறேன், ஒடைக்காத.

பிரேமினி ஏழு மாசம். தலப்புள்ள. அவ பேரச் சொல்லிராத. அந்தப் புள்ள எதுவும் செய்யல. கோயில் கல்லுல ஒடைச்ச தேங்காயத் திருப்பி ஒட்ட முடியாது வேலாயி. அது யாரு தலையில விழும்னு சாமிக்குத்தான் தெரியும்.

எனக்குச் சாப்பாடு எறங்கல. ஆபீஸ் போய் வாறேன். வேற ஒண்ணுமில்ல.

அக்கா


கந்தப்பளை
11.05.2024

அக்காவுக்கு,

நான் இருக்கேன்.

பிரேமினி செய்யலன்னு நீ எப்படிச் சொல்ற? பூப் பறிக்கப் போயிருந்தேன், ஒண்ணும் பாக்கலன்னுதானே எழுதுன? அவ இல்லன்னு தெரிஞ்சா யாருன்னும் உனக்குத் தெரியும். மேனேஜர் சொல்லக் கூடாதுன்னு மெரட்டுறானா? வேல போயிரும்னு பயமா? உன் தொட்டில்ல கெடந்தவன் அக்கா அவன். உன்னயத்தான் மொதல்ல அம்மான்னு கூப்புட்டான், என்னய இல்ல. அதுக்கு நான் ஒரு நாள் முழுக்க ஒங்கூடப் பேசாம இருந்தேன், ஞாபகம் இருக்கா?

இருவத்தி நாலாந் தேதி வெள்ளிக்கெழம காலையில ஒடைப்பேன். அதுக்கு முன்னாடி பேர எழுது. சரியான பேரச் சொல்லி ஒடைக்கிறேன்.

வேலாயி


நோட்டன் பிரிட்ஜ்
17.05.2024

வேலாயி,

இந்தக் கடுதாசிய உக்காந்து படி. பக்கத்துல யாரையாச்சும் வச்சுக்க.

அன்னைக்குக் காலையில வாச்சர் வீரய்யா கதவத் தொறந்துட்டு கீழ கேட்டுக்குப் போயிட்டாரு. பிரேமினி, மத்தவங்க யாரும் வரல. தர்ஷன் மொத பஸ்ஸுல வந்தது எனக்குத் தெரியாது. மெசின் பின் ரூம்ல இருக்கு. அந்தக் கறுப்புப் பவுடரு பறக்கும்னு கதவச் சாத்திக்கிட்டு வேல செஞ்சிருக்கான்.

நான் பூவக் கொண்டாந்தேன். எங்க ஆபீஸ்ல சாமி படமும் மெயின் சுவிச்சும் ஒரே செவத்துல, ஒரு கை தூரம். சாமி லைட்டு அணைஞ்சு கெடந்துச்சு. வெள்ளிக்கெழம, பொங்கலுக்கு மூணு நாளு. எனக்கு மனசு பதறிப் போச்சு. ராத்திரி மழை பேஞ்சா அந்தச் சுவிச்சு தானா விழுந்துரும், காலையில நான்தான் எப்பவும் தள்ளி விடுவேன். அன்னைக்கு அதுல ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்துச்சு. தொட்டுப் பாத்தேன், மூலையில மஞ்ச முடிஞ்சிருக்கு. யாரோ நேந்துக்கிட்டு சாமிக்குக் கட்ட வந்தவங்க, படத்து ஆணி எட்டாம இதுல கட்டிட்டாங்கன்னு நெனச்சேன். அவுக்கக் கூட இல்ல, முடிச்சோட உருவுனேன். கண்ணுல ஒத்திக்கிட்டு சாமி காலடியில வச்சேன். வச்சிட்டு சுவிச்ச மேல தள்ளுனேன்.

லைட்டு எரிஞ்சிச்சு. கையெடுத்துக் கும்புட்டேன். கும்புட்ட கை எறங்கல, பின் ரூம்ல சத்தம் கேட்டுச்சு.

நான் கத்துன கத்துல வீரய்யா ஓடியாந்து சுவிச்ச எறக்குனாரு. நான் துணிய எடுத்து ரவிக்கைக்குள்ள வச்சிக்கிட்டேன். ஏன் வச்சேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. அவன் ஆப் பண்ணலன்னு மேனேஜர் சொல்லயில நான் டீத்தட்டோட பக்கத்துலதான் நின்னேன். வாயத் தொறக்கல.

கேரட்டு சமையக்கட்டு மேசையில இருந்துச்சு. நீ குடுத்த பைன்னு பாத்ததும் தெரிஞ்சுக்கிட்டேன். சமைக்க முடியல. அழுகிப் போயி புதைச்சேன்.

துணிய இதுகூட வச்சிருக்கேன். முடிச்சு அவன் போட்டபடியே இருக்கு.

இப்ப என் பேரச் சொல்லி ஒடை. பிரேமினி புள்ளய விட்ரு.

காளியாயி


கந்தப்பளை
05.08.2024

காளியாயி அவங்களுக்கு,

வேலாயி எழுதுறது.

உங்க கடுதாசி மே மாசமே கெடச்சிச்சு. தேங்காய ஒடைக்கல.

ஆகஸ்டு பதினஞ்சாந் தேதி காலையில பத்து மணிக்கு ஹட்டன் லேபர் ஆபீஸ்ல விசாரண. எனக்கு எழுதுனத நீங்க அங்க வந்து வாயால சொல்லணும். துணிய நான் கொண்டாறேன். வர்றதும் வராததும் உங்க இஷ்டம்.

வேலாயி


நோட்டன் பிரிட்ஜ்
09.08.2024

வேலாயிக்கு,

வர்றேன்.

என்னய நீங்கன்னு எழுதாத. அது மட்டும் தாங்கல.

காளியாயி


கந்தப்பளை
02.09.2024

அக்கா,

விசாரண முடிஞ்சு பதினெட்டு நாளாச்சு.

உன்னயப் பாத்தப்ப யாரோ கெழவின்னு நெனச்சேன். பாதியா போயிட்ட. விசாரண பண்ண ஐயா சிங்களத்துல கேட்டாரு. நீ எந்திரிச்சு நின்னு, "மமய் மஹத்தயா, மமய்"ன்ன. நான்தான் ஐயா, நான்தான்னு. ஒரு தடவ சொன்னாப் போதும், நீ நிப்பாட்டல. அவரு தண்ணி குடுக்கச் சொன்னாரு. இவ்வளவு நாளா ஏன் சொல்லலன்னு கேட்டாரு. "தங்கச்சிக்குப் பயந்து"ன்னு தமிழ்லயே சொன்ன. முனாப் ஐயா அத அவருக்குச் சிங்களத்துல சொன்னாரு. நான் துணிய மேசையில வச்சேன்.

இப்ப காயிதம் வந்திருக்கு. சுவிச்சு ஆப்ல இருந்துச்சு, அடையாளத்துக்குத் துணி கட்டியிருந்துச்சு, தொழிலாளி மேல தப்பில்லன்னு எழுதியிருக்காம். முனாப் ஐயா ரெண்டு தடவ படிச்சுக் காட்டுனாரு. துணியையும் திருப்பிக் குடுத்துட்டாங்க. உன்னய வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்கன்னும் சொன்னாரு.

பஸ் ஸ்டாண்டுல நீ ஒரு டீ வாங்கியாந்து எம் பக்கத்துல வச்சிட்டுத் தள்ளிப் போயி நின்ன. நான் குடிக்கல. என் பஸ் வர்ற வரைக்கும் அது அங்கயே ஆறிக் கெடந்துச்சு. நீ பாத்துக்கிட்டே இருந்த.

போன வெள்ளிக்கெழம அந்தத் தேங்காயத் தூக்கிக்கிட்டு அம்மன் கோயிலுக்குப் போனேன். பொய் எழுத மாட்டேன், உன் பேரச் சொல்லி ஒடைக்கத்தான் போனேன். அந்தக் கல்லுக்கு மேலதானே நேத்திக்குத் துணி கட்டுற மரம் இருக்கு. அண்ணாந்து பாத்தேன். கெளைக்குக் கெளை சிவப்புத் துணி. ஒவ்வொண்ணுலயும் மஞ்ச முடிச்சு. மடியில இருந்த அவன் துணிய எடுத்துப் பக்கத்துல வச்சுப் பாத்தேன் அக்கா. அந்த மரத்துல கட்டிவிட்டா, அப்புறம் தேடிக் கண்டுபுடிக்க என்னாலயே ஆகாது.

அதக் கிழிச்சது நான். மஞ்சள முடிஞ்சது நான். ஒரு அழுக்குக் கந்தலக் குடுத்து அனுப்பியிருந்தா நீ நின்னு யோசிச்சிருப்ப. யாருடா இதக் கட்டுனதுன்னு ஒரு சத்தம் போட்டிருப்ப. அவனும் உள்ள இருந்து "நான்தான் பெரியம்மா"ன்னிருப்பான்.

உன் பேரச் சொன்னா என் பேரயும் சொல்லணும். கையத் தூக்கிட்டு நின்னேன், வாயில பேரு வரல. பூசாரி வந்து என்னான்னு கேட்டாரு. ஒண்ணுமில்லன்னு தேங்காயோட வந்துட்டேன். அடுப்பு மூலையில கெடக்கு. நேத்து ஆட்டிப் பாத்தேன், தண்ணிச் சத்தம் இல்ல.

உன் முழங்கால் எப்படி இருக்குன்னு கேக்க இன்னும் கை வரல. வர்றப்ப கேக்குறேன்.

கொல்லையில கேரட்டு புடுங்குற பதத்துல இருக்கு. உங்கிட்ட கொண்டாந்து குடுக்கத்தான் ஆள் இல்ல.

வேலாயி